பிரிஸ்டல் மண்ணில் துயிலும் ராஜா ராம்மோகன் ராய்

இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் பிரிஸ்டல் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. லண்டனில் இருந்து சுமார் 120 மைல். அந்த நகரத்தின் பெரிய ரெயில் நிலையத்துக்குப் பெயர் டெம்பிள் மீட்ஸ். அதற்கு அதிகத் தொலைவில்லாமல், பாத் சாலையின் ஓரத்தில் ஆர்னோஸ் வேல் என்ற பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. மலைச்சரிவும் மரங்களுமாக 45 ஏக்கர் பரப்பு. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கமாகி இருக்கிறார்கள்.

எங்கு பார்த்தாலும் சிலுவைகளும் தேவதைச் சிலைகளும் நிறைந்த அந்த இடத்தில் ஒரு மண்டபம் மட்டும் தனியாகத் தெரிகிறது. கல் தூண்கள், அவற்றின் மேல் குவிந்த கூரை. வடநாட்டில் அரசர்களின் சமாதி மேல் எழுப்புவார்களே, சத்ரி என்று, அதே அமைப்பு. அதன் கீழே துயில்பவர் ஒரு வங்காளி. அவர்தான் ராஜா ராம்மோகன் ராய்.

சரித்திரப் பாடத்தில் அவரைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். உடன்கட்டை ஏறும் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்று ஒரு வரி வரும். பலர் அவர் பெயரே ராஜாராம் என்று நினைத்திருப்பார்கள். ராம்மோகன் என்பது பெயர். ராஜா என்பது டெல்லி பாதுஷா கொடுத்த பட்டம்.

வங்காளத்தில் பிறந்தவர் பிரிஸ்டலுக்கு ஏன் போனார்? அந்த மண்ணில் அவரை வைத்துக் காத்தவர்கள் யார்? ஊர்விட்டு வந்து பிழைக்கும் நமக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம்

வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ராதாநகர் கிராமத்தில் 1772-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி ராம்மோகன் பிறந்தார். 1774 என்று சொல்பவர்களும் உண்டு. ஆசாரமான பிராமணக் குடும்பம். சிறு வயதிலேயே பாரசீகமும் அரபியும் படித்தார். சமஸ்கிருதமும் கற்றார். ஆங்கிலம் மட்டும் இருபது வயதைத் தாண்டிய பிறகு கற்றுக்கொண்டது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெவினியூ இலாகாவில் அவர் உத்தியோகம் பார்த்தார். ரங்பூர் கலெக்டராக இருந்த டிக்பி என்ற வெள்ளைக்காரர் அவருடைய திறமையைக் கண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டார். முன்ஷியாக, சிரஸ்தாராக, திவானாக அவர் வேலை செய்தார். கணக்கு, மனு, நில அளவு, வரி பாக்கி எல்லாம் அவர் கைக்குள் வந்து போயின. டிக்பி எவ்வளவோ சிபாரிசு செய்தும், திவான் வேலையில் அவரை நிரந்தரமாக்க ரெவினியூ போர்டு மறுத்துவிட்டது. ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வேதனை புதிது அல்ல.

கலெக்டருக்கு முன்னால் தன்னை நிற்க வைத்துப் பேசக்கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் அவர் வேலையில் சேர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு கதை சொல்வதுண்டு. அவருடைய குணத்துக்குப் பொருத்தமான கதைதான்.

சென்னைப் பண்டிதர்களோடு வாதம்

வேலையை விட்டுவிட்டு 1815-ம் ஆண்டு வாக்கில் அவர் கல்கத்தாவில் குடியேறினார். உபநிஷத்துகளை வங்காளியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து அச்சிட்டார். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை என்பதே பழைய சாஸ்திரங்களின் முடிவு என்று எழுதினார். ஊர் கொதித்தது. உறவினர்கள் விலகினார்கள். சொந்த அண்ணன் மகனே சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனார்.

இந்த வாதத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து வந்த சங்கர சாஸ்திரி என்பவர் சென்னைப் பத்திரிகை ஒன்றில் ராம்மோகனை மறுத்து எழுதினார். அதற்கு 1817-ம் ஆண்டு ராம்மோகன் ஒரு புத்தகமாகவே பதில் எழுதி வெளியிட்டார். பின்னர் சுப்பிரமணிய சாஸ்திரி என்ற இன்னொரு தென்னாட்டுப் பண்டிதரோடும் அவருக்கு விவாதம் நடந்தது. ரெயிலும் தந்தியும் இல்லாத காலத்தில் கல்கத்தாவும் சென்னையும் இப்படி மோதிக்கொண்டன.

தீயைத் தடுத்த சட்டம்

கணவன் சிதையில் மனைவியையும் ஏற்றும் வழக்கம் அப்போது வங்காளத்தில் மிகுந்திருந்தது. அவருடைய அண்ணியே 1811-ம் ஆண்டு அப்படி மாண்டதாகவும், அதைத் தடுக்க முடியாமல் போனதே அவர் மனதை மாற்றியதாகவும் சொல்வார்கள். ஆராய்ச்சியாளர்களில் சிலர் இதை ஏற்பதில்லை. ஆனால் 1818-ம் ஆண்டு அவர் இந்த வழக்கத்தை எதிர்த்து வங்காளியில் சிறு நூல் வெளியிட்டதும், சாஸ்திரங்களைக் காட்டியே அது கட்டாயம் இல்லை என்று வாதாடியதும் உறுதி. சுடுகாடுகளுக்கே நேரில் போய்த் தடுக்கப் பார்த்தார்.

கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு 1829-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி உடன்கட்டையைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அந்தத் தடை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் தீப்பாய்ந்த அம்மன் என்று சிறு கோவில்கள் இருப்பதை நாம் அறிவோம். நெருப்பில் விழுந்த பெண்களின் நினைவு அவை. அப்படிப் புதிய அம்மன்கள் பிறக்காமல் தடுத்ததில் இந்த வங்காளிக்கும் பங்கு உண்டு.

கடல் கடந்தார்

சட்டம் வந்ததோடு சண்டை ஓயவில்லை. அதை ரத்து செய்யும்படி எதிர்த்தரப்பினர் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் அனுப்பினார்கள். அந்த அப்பீல் தோற்க வேண்டும் என்பது ராம்மோகனின் கவலை. அதே நேரத்தில் டெல்லி பாதுஷா இரண்டாம் அக்பர் ஷாவும் தமக்குக் கம்பெனி கொடுக்கும் மானியம் போதவில்லை என்று இங்கிலாந்து மன்னரிடம் முறையிட ஒரு தூதரைத் தேடினார். ராஜா பட்டம் கொடுத்து ராம்மோகனையே அனுப்பினார்.

கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிய காலம் அது. 1830-ம் ஆண்டு நவம்பர் மாதம் ராம்மோகன் கப்பல் ஏறினார். வளர்ப்பு மகன் ராஜாராமும், ராம்ரதன், ராம்ஹரி என்ற இரு பணியாளர்களும் உடன் சென்றார்கள். 1831-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லிவர்பூலில் இறங்கினார்.

லண்டனில் அவருக்கு நல்ல மரியாதை கிடைத்தது. நான்காம் வில்லியம் மன்னரின் முடிசூட்டு விழாவில் வெளிநாட்டுத் தூதர்களோடு ஆசனம் தந்தார்கள். 1832-ம் ஆண்டு ஜூலையில் உடன்கட்டை ஆதரவாளர்களின் அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. வந்த காரியத்தில் பெரியது முடிந்தது.

ஆனால் கையில் பணம் கரைந்தது. கல்கத்தாவில் அவருடைய பணத்தை நிர்வகித்த வர்த்தக நிறுவனம் முறிந்துபோனது. ஊரிலிருந்து வர வேண்டிய தொகை நின்றது. அயலூரில் கை வறண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டே நாள் காய்ச்சல்

பிரிஸ்டலில் லாண்ட் கார்ப்பெண்டர் என்ற பாதிரியார் இருந்தார். யுனிடேரியன் என்ற பிரிவைச் சேர்ந்தவர். கடவுள் ஒருவரே என்பது அந்தப் பிரிவினரின் கொள்கை. அதனால் ராம்மோகனுக்கும் அவர்களுக்கும் நெடுநாள் கடிதப் போக்குவரத்து உண்டு. அவர் அழைப்பின்பேரில் 1833-ம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ராம்மோகன் பிரிஸ்டலுக்குப் போனார். லண்டன் - பிரிஸ்டல் ரெயில் பாதை முழுதும் திறக்கப்பட்டது 1841-ம் ஆண்டில்தான். எனவே குதிரை வண்டிப் பயணம்.

நகரத்துக்கு வெளியே ஸ்டேபிள்டன் குரோவ் என்ற தோட்ட வீட்டில் தங்கினார். அந்த வீட்டுக்கு உரியவர் காசில் என்ற இளம்பெண். ஒருநாள் ஊர்ப் பெரியவர்கள் கூடி இந்தியாவைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மூன்று மணி நேரம் நின்றபடியே அவர் பதில் சொன்னார் என்று அன்று இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 19-ந் தேதி வாக்கில் காய்ச்சல் கண்டது. வைத்தியர்கள் மாறி மாறி வந்தார்கள். லண்டனில் அவருக்கு இடம் கொடுத்திருந்த ஹேர் குடும்பத்துப் பெண் ஒருவர் இரவும் பகலும் இருந்து சிசுருஷை செய்தார். பலன் இல்லை. மூளைக்கு ஜுரம் ஏறி, செப்டம்பர் 27-ந் தேதி விடியும் முன்பே உயிர் பிரிந்தது. அவர் மார்பில் பூணூல் அப்படியே இருந்தது.

மந்திரம் இல்லாத அடக்கம்

இனி உடலை என்ன செய்வது?

நம்மில் ஒருவர் வெளியூரில் கண்ணை மூடினால் முதலில் எழும் கேள்வி இதுதான். மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் இருக்கும் நம் ஜனங்கள் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறார்கள்! ஊருக்குக் கொண்டு போவதா, இங்கேயே முடிப்பதா? பெட்டிக்கும் வண்டிக்கும் யார் பணம் கொடுப்பது? கொள்ளி வைக்க யார் வருவது? சங்கத்தில் வசூல் செய்து, பக்கத்துக் குடித்தனக்காரர்கள் தோள் கொடுத்துத்தான் பல காரியங்கள் நடக்கின்றன. அதுவும் இல்லாவிட்டால் அநாதைப் பிணம் என்று எழுதிவிடுவார்கள்.

பிரிஸ்டலில் இருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பல மாதங்கள். கொண்டுபோக வழியில்லை. எரிக்கவும் வழியில்லை. இங்கிலாந்தில் முறையான தகன மேடையில் முதல் உடலை எரித்தது 1885-ம் ஆண்டில்தான். புதைப்பதிலும் ஒரு சிக்கல். கிறிஸ்தவ இடுகாட்டில், கிறிஸ்தவச் சடங்கோடு தன்னைப் புதைக்கக்கூடாது என்று ராம்மோகன் முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படிச் செய்தால் அவர் சாதியை இழந்தவர் என்று சொல்லிப் பிள்ளைகளின் சொத்துரிமையில் கை வைத்துவிடுவார்கள். அந்தப் பயம் வீண் பயம் அல்ல. சாதி போனாலும் சொத்து போகாது என்ற சட்டம் 1850-ம் ஆண்டுதான் வந்தது.

அந்த வீட்டார் அவர் சொல்லை மீறவில்லை. தங்கள் மதத்தின் மந்திரத்தை அவர் மேல் சொல்ல வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை. தங்கள் தோட்டத்திலேயே எல்ம் மரங்களின் அடியில் இடம் கொடுத்தார்கள். அக்டோபர் 18-ந் தேதி பிரார்த்தனையும் பேச்சும் இல்லாமல், மௌனமாக அடக்கம் நடந்தது. இறந்தவர் வேறு நாடு, வேறு மதம். அழுதவர்களில் பலர் அவரைச் சில வாரங்களே அறிந்தவர்கள்.

நண்பர் கட்டிய மண்டபம்

பத்து வருடம் கழிந்தது. தனியார் தோட்டத்துக்குள் இருந்ததால் அந்தச் சமாதியை நினைத்தபோது யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை. அப்போது முன்வந்தவர் துவாரகாநாத் தாகூர். கவி ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார். கப்பல், நிலக்கரி என்று பெரிய வர்த்தகம் செய்தவர். ராம்மோகனின் நெருங்கிய நண்பர். 1842-ம் ஆண்டு இங்கிலாந்துக்குப் போனவர், நண்பருக்குப் பொதுவான இடத்தில் நிலையான சமாதி வேண்டும் என்று தம் செலவில் ஏற்பாடு செய்தார்.

அதற்கு ஏற்ற இடம் அப்போதுதான் பிரிஸ்டலில் உருவாகி இருந்தது. அதுதான் ஆர்னோஸ் வேல். நகரத்துக் கோவில் முற்றங்களில் பிணத்தின் மேல் பிணமாகப் புதைத்து, இடமில்லாமல் போய்விட்டது. 1832-ம் ஆண்டு காலரா வேறு வந்து போனது. எனவே 1837-ம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு கம்பெனி அமைத்து, ஊருக்கு வெளியே பூங்கா போன்ற கல்லறைத் தோட்டத்தை ஏற்படுத்தினார்கள். அது 1839-ம் ஆண்டு திறக்கப்பட்டது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து இரண்டே வருடம்.

சார்லஸ் அண்டர்வுட் என்ற சிற்பி அதற்கு இரண்டு சிற்றாலயங்களைக் கட்டினார். ஒன்று இங்கிலாந்து அரசாங்கத் திருச்சபையினருக்கு. மணிக்கூண்டோடு இத்தாலிய பாணியில் அமைந்தது. மற்றொன்று அந்தச் சபையில் சேராத பிரிவினருக்கு. கிரேக்கக் கோவில் மாதிரி. ஒரே நிலத்தில் இரு தரப்புக்கும் இடம் என்பது அந்தக் காலத்தில் புதுமை. எல்லாத் தரப்பையும் ஏற்ற அந்த மண் ஓர் இந்துவையும் ஏற்றது.

1843-ம் ஆண்டு மே 29-ந் தேதி ராம்மோகனின் உடல் பெட்டியோடு அங்கே மாற்றப்பட்டது. கல்கத்தாவில் இருந்தவரும் துவாரகாநாத்தின் வர்த்தகக் கூட்டாளியுமான வில்லியம் பிரின்செப் சத்ரிக்கு வரைபடம் போட்டார். வங்காளத்து வடிவத்தை இங்கிலாந்துக் கல்லில் எழுப்பினார்கள். 1872-ம் ஆண்டு கல்லில் எழுத்தும் பொறிக்கப்பட்டது.

நண்பருக்குச் சமாதி கட்டிய துவாரகாநாத்தும் 1846-ம் ஆண்டு லண்டனிலேயே இறந்தார். அவரை அங்கேயே கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பாதிரியார் கார்ப்பெண்டரின் மகள் மேரி, ராம்மோகனின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1866-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து பெண் கல்விக்காகப் பாடுபட்டார். 1877-ம் ஆண்டு அவர் இறந்தபோது, இளம் வயதில் தாம் கண்ட அந்த விருந்தாளி உறங்கும் அதே ஆர்னோஸ் வேலில்தான் அடக்கமானார். ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரின் சமாதியும் அங்கேதான்.

பூட்டிய கதவு

இவ்வளவு பெருமை உள்ள இடம் பிறகு சீரழிந்தது. கல்லறைத் தோட்டம் ஒரு கம்பெனியின் சொத்து. புதிதாகப் புதைக்க இடம் குறையக் குறைய வருமானமும் குறைந்தது. 1920-களின் கடைசியில் கிரேக்க பாணி சிற்றாலயத்தைத் தகனச் சாலையாக்கிப் பார்த்தார்கள். சில காலம் ஓடியது. ஆனால் பராமரிப்பு இல்லை. முட்செடியும் கொடியும் கல்லறைகளை மூடின. வேர் புகுந்து கற்கள் சாய்ந்தன. சிற்றாலயங்களின் கூரை ஒழுகியது. ராம்மோகனின் சத்ரியிலும் தண்ணீர் இறங்கிக் கல் அரித்தது.

1987-ம் ஆண்டு, நிலத்தின் ஒரு பகுதியை அழித்து வீடு கட்டும் யோசனையை உரிமையாளர் வெளியிட்டார். பிரிஸ்டல் மக்கள் கொதித்தார்கள். பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் அங்கே வைத்திருப்பவர்கள் ஆயிற்றே! சங்கம் அமைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள். 1998-ம் ஆண்டு தகனச் சாலையும் நின்றது. கதவை மூடும் நிலை வந்தபோது, ஊரார் முறை வைத்துக் காவல் இருந்து தினமும் கதவைத் திறந்து வைத்தார்கள். கையில் அரிவாளோடு வந்து புதர் வெட்டினார்கள். சம்பளம் கிடையாது.

கடைசியில் 2003-ம் ஆண்டு பிரிஸ்டல் நகரசபை கட்டாயக் கொள்முதல் செய்து நிலத்தைக் கைப்பற்றியது. அதே ஆண்டு, அழியும் கட்டிடங்களைக் காப்பாற்றுவதற்காக பி.பி.சி. டெலிவிஷன் நடத்திய நிகழ்ச்சியில் ஆர்னோஸ் வேல் நாடு முழுவதும் தெரிந்தது. லாட்டரி வருமானத்தில் இருந்து பழஞ்சின்னங்களுக்கு உதவும் நிதியத்தின் மூலம் சுமார் 48 லட்சம் பவுன் கிடைத்தது. 2010-ம் ஆண்டுக்குள் இரண்டு சிற்றாலயங்களும் வாசல் கட்டிடங்களும் புதுப்பிக்கப்பட்டன. ஓர் அறக்கட்டளை இடத்தை நடத்துகிறது. மணிக்கூண்டுச் சிற்றாலயத்தில் இப்போது கல்யாணங்கள்கூட நடக்கின்றன.

மீண்டது மண்டபம்

சத்ரிக்கும் விடிவு வந்தது. 2007, 2008-ம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் வாழும் ஓர் இந்திய வணிகர் பணம் கொடுத்தார். கல்கத்தா மேயரும் ஆதரவு தந்தார். பிரிஸ்டல்காரர்கள் முன்னின்று வேலையை முடித்தார்கள். அரித்த கல்லை எடுத்து, கூரையைச் செப்பனிட்டார்கள். நகரின் நடுவில் காலேஜ் கிரீன் என்ற இடத்தில் 1997-ம் ஆண்டு முதலே அவருடைய முழு உருவச் சிலையும் நிற்கிறது. வருடந்தோறும் செப்டம்பர் 27-ந் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் சமாதியில் கூடி அஞ்சலி செலுத்துவது வழக்கம். வெள்ளையரும் இந்தியரும் சேர்ந்தே வருகிறார்கள்.

மூன்று முறை அந்த மனிதர் அநாதையாகி இருக்கலாம். 1833-ல் ஒரு வீட்டார் தங்கள் தோட்டத்தையே கொடுத்தார்கள். 1843-ல் ஒரு நண்பர் பணம் கொடுத்தார். 1987-க்குப் பிறகு பெயர் தெரியாத எத்தனையோ பேர் தங்கள் விடுமுறை நாட்களைக் கொடுத்தார்கள். இவர்களில் ஒருவர்கூட அவருக்கு ரத்த சம்பந்தம் கிடையாது. அவருடைய சாதியும் அவருடைய மதமும் இவர்களை வரவழைக்கவில்லை.

பிழைக்கப் போன ஊரில் நமக்கு என்று யார் இருக்கிறார்கள் என்ற கலக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பக்கத்துக் குடித்தனத்தில் மராட்டியர் இருக்கலாம், பீகாரி இருக்கலாம், மலையாளி இருக்கலாம். அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நாம் போய் நிற்கிறோமா? அப்படிப் போய் நிற்கும் ஊரில் யாரும் அநாதை இல்லை.